ஆப்பா? பிரவுசரா? 11 மணிக்கு சர்வருக்கு எது பாரம்?

சேலம் மாவட்டத்தில் தறிச் சத்தம் ஓயாத ஊர் எடப்பாடி. காவிரிக்கரைப் பூலாம்பட்டிக்குப் பக்கத்து ஊர்.

இந்த ஊருக்கு நகராட்சி உண்டு. பஸ் நிலையம் உண்டு. ரெயில் நிலையம் மட்டும் இல்லை!

ரெயில் ஏற வேண்டுமா? சங்ககிரிக்குப் போக வேண்டும். அல்லது ஈரோட்டுக்கோ, சேலத்துக்கோ பஸ் பிடிக்க வேண்டும்.

ஆனால் டிக்கெட் எடுப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியது இல்லை. கையில் இருக்கும் போன் போதும். போனில் வராவிட்டால் கடைத்தெருவில் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது.

அவசரமாகப் போகிறவர்களுக்கு என்று 'தட்கல்' டிக்கெட் வைத்திருக்கிறார்கள். ரெயில் புறப்படும் நாளுக்கு முந்தின நாள் காலையில் அதை எடுக்கலாம். ஏ.சி. பெட்டிகளுக்கு 10 மணி. சாதாரண படுக்கைப் பெட்டிகளுக்கு 11 மணி. 2015-ம் ஆண்டு முதல் இந்த நேரம்தான்.

மணி 11 ஆகிறது. இந்தியா முழுவதும் லட்சக்கணக்கான விரல்கள் ஒரே நேரத்தில் தட்டுகின்றன.

திரையில் வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. கடைசியில் 'வெயிட்டிங் லிஸ்ட்' என்று வருகிறது.

மறுநாள் சென்னை ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க வேண்டிய வயதான தாயார் என்ன செய்வார்? இரவு முழுவதும் பொதுப் பெட்டியில் இடிபட்டுக்கொண்டு போக வேண்டும். இல்லாவிட்டால் பயணத்தையே தள்ளிப் போட வேண்டும். தறிக்கு லீவு போட்ட மகனுக்கு அன்றைய கூலியும் போகும்.

அப்போதுதான் வீட்டில் வாக்குவாதம் கிளம்புகிறது.

"ஆப்பில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும்" என்பார் ஒருவர்.

"பிரவுசர்தான் நல்லது. ஆப்தான் சர்வரை அமுக்குகிறது" என்பார் இன்னொருவர்.

யார் சொல்வது சரி?

இந்த சர்வர் யார்?

சர்வர் என்றதும் ஓட்டலில் இட்லி, தோசை கொண்டுவந்து வைப்பவர் ஞாபகம்தான் வரும். கம்ப்யூட்டர் சர்வர் செய்வதும் அதே வேலைதான்!

அது ஒரு பெரிய கம்ப்யூட்டர். இரவும் பகலும் விழித்திருக்கும். யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கும். ஒரு கம்ப்யூட்டர் போதாது என்பதால், பல கம்ப்யூட்டர்களைச் சேர்த்து வைத்திருப்பார்கள்.

பத்துப் பேர் கேட்டால் உடனே கொடுக்கும். பத்து லட்சம் பேர் ஒரே நேரத்தில் கேட்டால் திணறும். ஓட்டலில் மத்தியான சாப்பாட்டு நேரத்தில் நடப்பது போலத்தான்.

சர்வரிடம் கேட்க இரண்டு வழிகள் இருக்கின்றன.

ஒன்று பிரவுசர். குரோம் போன்றவை. எந்த இணையதளத்தின் முகவரியைப் போட்டாலும் அதைத் திறந்து காட்டும்.

இன்னொன்று ஆப், அதாவது செயலி. ஒரே ஒரு காரியத்துக்கு என்று தனியாகச் செய்யப்பட்டது. போனில் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ரெயில் டிக்கெட்டுக்கு ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் 2002-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் வந்தது. 'ரெயில் கனெக்ட்' என்ற ஆப் 2017-ல் வந்தது. 'ரெயில் ஒன்' என்ற புதிய ஆப்பை 2025-ம் ஆண்டு ஜூலை 1-ந் தேதி ரெயில்வே வெளியிட்டது.

பாவும் ஊடையும்

ஆப்புக்கும் பிரவுசருக்கும் உள்ள வித்தியாசம் எடப்பாடிக்காரர்களுக்குச் சுலபமாகப் புரியும். தறியைப் பார்த்தால் போதும்.

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவை ஒரு தடவை பீமில் ஏற்றிவிட்டால் பல நாட்களுக்கு வரும். ஊடை நூல் அப்படி அல்ல. நெய்ய நெய்யத் தீரும். தார் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஒரு இணையப் பக்கத்திலும் பாவு உண்டு, ஊடை உண்டு.

படங்கள், பொத்தான்கள், எழுத்து வடிவங்கள், பக்கம் எப்படி இயங்க வேண்டும் என்ற கட்டளைகள் எல்லாம் பாவு. அவை தினம் மாறுவது இல்லை. இன்றைக்கு எந்த ரெயிலில் எத்தனை இடம் காலி என்ற விவரம்தான் ஊடை. அது நிமிடத்துக்கு நிமிடம் மாறும்.

ஆப்பை இறக்கும்போதே பாவு முழுவதும் போனுக்கு வந்துவிடுகிறது. அதுவும் ரெயில்வே சர்வரில் இருந்து வருவது இல்லை. ஆண்ட்ராய்டு போனாக இருந்தால் கூகுள் நிறுவனத்தின் பிளே ஸ்டோரில் இருந்து வருகிறது. பிறகு ரெயில்வே சர்வரிடம் கேட்பது ஊடையை மட்டும்தான்.

பிரவுசரில் முதல் தடவை திறக்கும்போது பாவும் வர வேண்டும், ஊடையும் வர வேண்டும்.

இன்றைக்குச் சாதாரணமாக ஒரு இணையப் பக்கம் 2 மெகாபைட்டுக்கு மேல் இருக்கிறது. காலி இட விவரத்தை மட்டும் அனுப்ப 10 கிலோபைட் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், பக்கம் அதைப்போல் 200 மடங்கு.

10 ஆயிரம் பேர் முழுப் பக்கத்தையும் கேட்டால் 20 ஜிகாபைட் போக வேண்டும். விவரத்தை மட்டும் கேட்டால் 100 மெகாபைட் போதும்.

இந்தக் கணக்கைப் பார்த்தால் ஆப்தான் ஜெயித்தது என்று தோன்றும்.

பிரவுசரும் சளைத்தது அல்ல

ஆனால் பிரவுசருக்கும் ஞாபகசக்தி உண்டு!

ஒரு தடவை வந்த படங்களையும் கட்டளைகளையும் அது போனிலேயே பத்திரப்படுத்தி வைக்கும். மறுபடி அதே தளத்துக்குப் போனால் பழைய சரக்கையே எடுத்துக்கொள்ளும். சந்தேகம் வந்தால், "இது மாறி இருக்கிறதா?" என்று மட்டும் சர்வரைக் கேட்கும். "மாறவில்லை" என்று ஒரு வரிப் பதில் வரும். அவ்வளவுதான்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. மாறாத சரக்கை நகல் எடுத்து, பல ஊர்களில் உள்ள வேறு கம்ப்யூட்டர்களில் வைத்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அதைக் கொடுத்துவிடும். தலைமை சர்வர் வரை போக வேண்டியது இல்லை. மொத்த வியாபாரி ஊருக்கு ஊர் கிட்டங்கி வைப்பது போல.

ரெயில்வே இந்த ஏற்பாட்டைச் செய்தது. படங்கள் போன்ற மாறாத சரக்கில் 87 சதவீதம் இப்படி வெளியில் இருந்தே கொடுக்கப்படுகிறது என்று 2025-ம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தது.

ஆகவே, நன்றாகச் செய்யப்பட்ட இணையப் பக்கம் ஆப்பைப் போலவே லேசாகிவிடுகிறது.

பொதி வேறு; வேலை வேறு

இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது.

படத்தை எடுத்துக் கொடுப்பது சர்வருக்குப் பெரிய வேலை அல்ல. பொதி கனமாக இருக்கும். ஆனால் யோசிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. அந்த வேலையை வேறு கம்ப்யூட்டரிடமும் ஒப்படைக்கலாம்.

ஒரு படுக்கையை ஒருவருக்கு ஒதுக்குவதுதான் பெரிய வேலை.

ஈரோட்டில் இருந்து சென்னைக்குப் போகும் ஏற்காடு எக்ஸ்பிரசில் கடைசியாக ஒரு படுக்கை காலி என்று வைத்துக்கொள்ளலாம். எடப்பாடியில் ஒருவர் கேட்கிறார். அதே நொடியில் சேலத்தில் ஒருவர் கேட்கிறார். இரண்டு பேருக்கும் அதைக் கொடுத்துவிட முடியாது.

யார் கேள்வி முதலில் வந்தது என்று பார்க்க வேண்டும். அவருக்காக அந்தப் படுக்கையைப் பிடித்து வைக்க வேண்டும். மற்றவருக்கு 'இல்லை' என்று சொல்ல வேண்டும். வங்கியில் பணம் வந்ததா என்று பார்க்க வேண்டும். வந்தால் பேரேட்டில் எழுத வேண்டும். வராவிட்டால் படுக்கையை மறுபடி பொதுவில் விட வேண்டும்.

இதற்கு நகல் எடுக்க முடியாது. எல்லாரும் ஒரே பேரேட்டுக்குத்தான் வந்தாக வேண்டும். அந்தப் பேரேட்டை வைத்திருப்பது 'கிரிஸ்' என்ற ரெயில்வேயின் கம்ப்யூட்டர் அமைப்பு.

ஆப்பில் கேட்டாலும் அந்தப் பேரேடுதான். பிரவுசரில் கேட்டாலும் அந்தப் பேரேடுதான். சங்ககிரி கவுண்ட்டரில் சீட்டு எழுதிக் கொடுத்தாலும் அந்தப் பேரேடுதான்!

இந்த இடத்தில் ஆப்புக்கும் பிரவுசருக்கும் வித்தியாசமே இல்லை.

ஒரு நிமிடத்தில் 31,814 டிக்கெட்!

2014-ம் ஆண்டு வரை ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தால் நிமிடத்துக்கு 2 ஆயிரம் டிக்கெட்தான் கொடுக்க முடிந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் புதிய ஏற்பாடு வந்தது. நிமிடத்துக்கு 7,200 டிக்கெட் என்று உயர்ந்தது.

2025-ம் ஆண்டு மே 22-ந் தேதி காலை 10 மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் கொடுக்கப்பட்டன. அதற்கு முன்பு அப்படி நடந்தது இல்லை.

இன்னொரு கணக்கையும் ரெயில்வே 2025-ல் சொன்னது. அப்போதைய ஏற்பாட்டில் நிமிடத்துக்குச் சுமார் 32 ஆயிரம் டிக்கெட் கொடுக்கலாம். 4 லட்சம் விசாரணைகளுக்குப் பதில் சொல்லலாம். புதிய ஏற்பாட்டில் ஒன்றரை லட்சம் டிக்கெட், 40 லட்சம் விசாரணை என்று உயர்த்தத் திட்டம் போட்டிருப்பதாக அறிவித்தது.

இந்தக் கணக்கில் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. டிக்கெட் எடுப்பதைவிட விசாரிப்பது பல மடங்கு அதிகம். "இடம் இருக்கிறதா? இப்போது இருக்கிறதா?" என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் சர்வருக்குப் பாரம்தான்.

வாசல் பல, கூட்டம் ஒன்று

ஆப் வந்தால் நெரிசல் தீர்ந்துவிடுமா? 2021-ல் நாடே இதைப் பார்த்தது.

கொரோனா தடுப்பூசிக்கு 18 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். 2021-ம் ஆண்டு ஏப்ரல் 28-ந் தேதி மாலை 4 மணிக்குப் பதிவு தொடங்கியது.

மூன்று வாசல்கள் திறந்திருந்தன. 'கோவின்' இணையதளம் ஒன்று. 'ஆரோக்கிய சேது' ஆப் ஒன்று. 'உமங்' ஆப் ஒன்று.

4 மணி அடித்ததும் தடங்கல் ஏற்பட்டது. இணையதளத்தில் முயன்றவர்களும் தவித்தார்கள். ஆப்பில் முயன்றவர்களும் தவித்தார்கள். காரணம், மூன்று வாசல்களும் ஒரே கூடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தன.

நிமிடத்துக்கு 27 லட்சம் கேள்விகள் வரை வந்து குவிந்தன. கோளாறு சரி செய்யப்பட்டது. அன்று ஒரே நாளில் 1 கோடிக்கும் மேற்பட்டவர்கள் பெயர் கொடுத்தார்கள்.

வாசலைக் கூட்டுவதால் கூடம் பெரிதாகாது. இதுதான் அன்றைய பாடம்.

தூங்காத ஆப்

பிரவுசருக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பக்கத்தை மூடிவிட்டால் பேசாமல் இருக்கும். பெரும்பாலும் சர்வரைத் தொந்தரவு செய்யாது.

சில ஆப்கள் அப்படி அல்ல. போன் சட்டைப் பையில் இருக்கும்போதும் உள்ளுக்குள் விழித்திருக்கும். "புதுசா ஏதாவது உண்டா?" என்று சர்வரைக் கேட்டுக்கொண்டே இருக்கும்.

நிமிடத்துக்கு ஒரு தடவை கேட்கும் ஆப் ஒன்று 1 லட்சம் போன்களில் இருந்தால் என்ன ஆகும்? ஒரு போன் ஒரு நாளில் 1,440 தடவை கேட்கும். மொத்தம் 14 கோடியே 40 லட்சம் கேள்விகள்! அவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் "ஒன்றும் இல்லை" என்பதாகத்தான் இருக்கும்.

அதனால்தான், ஆப் கேட்பதற்குப் பதிலாக, செய்தி இருந்தால் மட்டும் சர்வரே சொல்லி அனுப்பும் முறை வந்தது. திரையின் மேல் மணி அடித்து வரும் அறிவிப்புகள் பெரும்பாலும் அப்படி வருபவைதான்.

ஆப்பில் இன்னொரு சங்கடமும் உண்டு. இணையப் பக்கத்தைத் திருத்தினால் உடனே எல்லாருக்கும் புதியது போய்ச் சேரும். ஆப்பைத் திருத்தினால், பழைய ஆப்பையே வைத்திருப்பவர்கள் பலர் இருப்பார்கள். சர்வர் பழையவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். புதியவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

கரண்டு வந்த நிமிடம்

தறிக்கூடங்கள் நிறைந்த தெருவில் கரண்டு போய் வந்தால் என்ன நடக்கும்?

எல்லாத் தறிகளையும் ஒரே நொடியில் ஓட்டிவிட்டால் ஆபத்து. மோட்டார் ஓடும்போது இழுக்கும் மின்சாரத்தைவிட, கிளம்பும்போது இழுப்பது பல மடங்கு அதிகம். பியூஸ் போய்விடும். ஒவ்வொன்றாக ஓட்டினால் தொல்லை இல்லை.

சர்வரும் அப்படித்தான். நாள் முழுவதும் பரவி வரும் கூட்டத்தைச் சமாளித்துவிடும். அதே கூட்டம் ஒரே நிமிடத்தில் வந்தால்தான் மூச்சு முட்டும்.

எல்லாப் போன்களும் சரியாக மணி அடிக்கும்போது சர்வரைக் கேட்கும்படி ஒரு ஆப்பைச் செய்துவிட்டால், அதுவும் இதே தொல்லையைத்தான் கொடுக்கும். அதனால் விவரம் தெரிந்த எஞ்சினீயர்கள், ஒவ்வொரு போனும் சில நொடிகள் முன்பின்னாகக் கேட்கும்படி செய்கிறார்கள்.

ரிசல்ட் நாளில்

பிளஸ் 2 தேர்வு முடிவு வரும் நாளும் 11 மணிக் கூட்டம் போன்றதுதான்.

2025-ம் ஆண்டு மே 8-ந் தேதி தமிழ்நாட்டில் முடிவு வந்தது. தேர்வு எழுதிய 7 லட்சத்து 92 ஆயிரத்து 494 பேரில் 95.03 சதவீதம் பேர் தேறினார்கள். அத்தனை வீடுகளிலும் அன்று காலை ஒரே பரபரப்பு.

ஆனால் தட்கலுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. மார்க் ஒரு தடவை வந்தபிறகு நிமிடத்துக்கு நிமிடம் மாறாது. ஒருவர் மார்க்கை இன்னொருவர் தட்டிக்கொண்டு போகவும் முடியாது! ஆகவே அதை நகல் எடுத்துப் பல இடங்களில் வைக்கலாம். அரசு இணையதளத்திலும் பார்க்கலாம். 'டிஜிலாக்கர்' ஆப்பிலும் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விட லேசான வழி எது தெரியுமா? சாதாரண எஸ்.எம்.எஸ்.!

பள்ளியில் கொடுத்த போன் நம்பருக்கு மார்க் தானாக வந்துவிடுகிறது. யாரும் கேட்க வேண்டியது இல்லை. சர்வர் தன் வசதிப்படி வரிசையாக அனுப்பும். நெரிசலுக்கே இடம் இல்லை.

பாதிக் கூட்டம் கள்ளக் கூட்டம்

தட்கல் நேரத்தில் சர்வரை அமுக்குவது ஆப்பும் அல்ல, பிரவுசரும் அல்ல என்பதற்கு இன்னொரு சான்றும் இருக்கிறது.

மனிதர்களைப் போல நடித்து, மின்னல் வேகத்தில் டிக்கெட் பிடிக்கும் கள்ள மென்பொருள்கள் இருக்கின்றன. தட்கல் தொடங்கும் முதல் 5 நிமிடங்களில், உள்ளே நுழைய முயல்பவற்றில் பாதி வரை இந்தக் கள்ளக் கூட்டம்தான் என்று 2025-ல் ரெயில்வே தெரிவித்தது. இரண்டரைக் கோடி கணக்குகள் முடக்கப்பட்டன.

2025-ம் ஆண்டு ஜூலை முதல், ஆதாருடன் இணைத்த கணக்கு இருந்தால்தான் இணையதளத்திலும் ஆப்பிலும் தட்கல் எடுக்க முடியும் என்று விதி வந்தது. முதல் அரை மணி நேரம் ஏஜெண்டுகள் தட்கல் எடுக்கவும் தடை போட்டார்கள்.

வாசல் எதுவானாலும், பொய்யாக வரும் கேள்விகள் குறைந்தால்தான் உண்மையான பயணிக்கு வழி கிடைக்கும்.

முடிவு என்ன?

கேட்கும் சரக்கின் கனத்தை மட்டும் பார்த்தால் ஆப் கொஞ்சம் லேசு. நன்றாகச் செய்த இணையப் பக்கம் அதற்குச் சமமாக வந்துவிடும். மோசமாகச் செய்த ஆப், பிரவுசரைவிடப் பாரம். ஆனால் படுக்கையை ஒதுக்கும் வேலை எந்த வழியில் வந்தாலும் ஒன்றுதான்.

எதில் கேட்கிறார்கள் என்பதைவிட, எத்தனை தடவை கேட்கிறார்கள், எத்தனை பேர் ஒரே நொடியில் கேட்கிறார்கள் என்பதுதான் சர்வருக்குப் பாரம்.

ஆகவே ஆப்பை நம்புவதா, பிரவுசரை நம்புவதா என்று வீட்டில் சண்டை வேண்டாம். கைக்குப் பழக்கமானது எதுவோ அதுவே நல்லது.

தட்கல் எடுப்பவர்கள் செய்ய வேண்டியவை சில உண்டு.

கணக்கை ஆதாருடன் முன்கூட்டியே இணைத்துவிட வேண்டும். கடைசி நாளில் ஓடக்கூடாது.

பயணிகளின் பெயர், வயது எல்லாவற்றையும் 'மாஸ்டர் லிஸ்ட்' என்ற பட்டியலில் முதல் நாளே எழுதி வைத்துவிட வேண்டும். 11 மணிக்கு உட்கார்ந்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தால் இடம் போய்விடும்.

ஆப் வைத்திருப்பவர்கள் புதிய ஆப்பாக மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பணம் கட்டும் வழியை முன்பே சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

வட்டம் சுற்றும்போது பதறிப்போய் மறுபடி மறுபடி தட்டக்கூடாது. பாதியில் ரிப்ரெஷ் தட்டினால், வரிசையில் இருந்து விலகி மறுபடி கடைசியில் போய் நிற்பது போலத்தான்.

ஒரு வீட்டில் நாலு போன் இருக்கிறது என்று நாலிலும் ஒரே டிக்கெட்டுக்கு முயல்வதும் நல்லது அல்ல. அது மற்ற வீட்டாரின் வழியையும் அடைக்கும்.

"நிச்சயமாக டிக்கெட் பிடித்துத் தருகிறேன்" என்று தனி மென்பொருள் விற்பவர்களை நம்பவே கூடாது. பணமும் போகும், கணக்கும் முடங்கும்.

ஊருக்கு ரெயில் வராவிட்டாலும், ரெயில் டிக்கெட் எடப்பாடிக்கு வந்துவிட்டது. ஆப்பில் கேட்டாலும் பிரவுசரில் கேட்டாலும், 11 மணிக்கு முன்பே எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு, ஒரு தடவை சரியாகக் கேட்பவருக்கு அது கிடைக்கும் வாய்ப்பு அதிகம்.